மட்டையை ஆணியில் மாட்டலாமா?

முன்னுரை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது முன்னோர் வாக்கு. இதைப் பேச்சுப் போட்டிகளில் எத்தனையோ முறை சொல்லிக் கைதட்டலும் பரிசும் பெற்றிருக்கிறோம். ஆனால் ஜூன் மாதம் பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்ததும் நம் வீடுகளில் முதலில் நடப்பது என்ன? "இந்த வருஷம் பொதுத் தேர்வு. இனி விளையாட்டுக்கு முழுக்குப் போடு" என்று சொல்லி, மட்டையை உறையில் போட்டு ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். சித்திரத்தின் மேலுள்ள ஆசையில் சுவரையே மறந்துவிடுகிறோம்.

சென்ற ஆண்டு மாலை மணி அடித்ததும் இறகுப்பந்து ஆட ஓடியவர்கள் எங்கள் வகுப்பில் எட்டுப் பேர். இந்த ஆண்டு மூன்றே பேர். மற்ற ஐந்து மட்டைகளும் ஆணியில் தொங்குகின்றன. "பரீட்சை முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் ஆறுதல் சொல்கிறார்கள். பத்தாவது முடிந்தால் பன்னிரண்டாவது வருகிறது. அதன்பின் கல்லூரி, அதன்பின் வேலை, அதன்பின் குடும்பம். அப்படியானால் ஆணியில் மாட்டிய மட்டை இறங்கும் நாள் எது?

பொறுப்பு மிக்க உத்தியோகத்தில் இருந்துகொண்டே ஆயுள் முழுதும் மட்டை ஆட்டம் ஆடியவர்கள் உண்டா? உண்டென்றால் அவர்களால் எப்படி முடிந்தது? இக்கேள்விகளுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மட்டை ஆட்டங்கள் எவை?

மட்டையால் பந்தையோ இறகுப்பந்தையோ அடித்து ஆடும் ஆட்டங்கள் பல. டென்னிஸ், இறகுப்பந்து, மேசைப்பந்து, ஸ்குவாஷ் ஆகியவற்றை நாம் அறிவோம். இவற்றோடு நம் தமிழ் மண்ணிலேயே பிறந்த ஆட்டம் ஒன்றும் உண்டு. அதுவே பூப்பந்து. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரச குடும்பத்தார் இதை விரும்பி ஆடினர் என்பர். மஞ்சள் நிறக் கம்பளி நூலால் ஆன பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர். 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள திறந்தவெளி மைதானம். இவ்வளவு போதும். விலையுயர்ந்த அரங்கம் தேவையில்லை. ஆகவேதான் அரண்மனையில் ஆடிய ஆட்டம் ஊர்த் திடலுக்கும், பள்ளிக்கூடத்துக்கும், தொழிற்சாலைக் குடியிருப்புக்கும் எளிதாக வந்து சேர்ந்தது.

இறகுப்பந்தின் களம் இதைவிடச் சிறியது. நீளம் 13.4 மீட்டர், இரட்டையர் ஆட்டத்துக்கு அகலம் 6.1 மீட்டர். பந்தில் 16 இறகுகள். அதன் எடை ஐந்து கிராம் அளவுதான். மேசைப்பந்தோ அதனினும் இலேசு, 2.7 கிராம்! இத்தனை சிறிய பொருளைக் கொண்டு இத்தனை பெரிய மகிழ்ச்சி கிடைப்பது வியப்பன்றோ?

முதுமை வரை ஆட முடிவது ஏன்?

கபடியும் கால்பந்தும் சிறந்த விளையாட்டுகளே. ஆனால் கால்பந்துக்கு அணிக்குப் பதினொருவர் வேண்டும்; கபடிக்கு எழுவர் வேண்டும். படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசையில் சென்றபின் அத்தனை பேரை ஒரே மாலையில் ஒன்று சேர்ப்பது எளிதன்று. இறகுப்பந்துக்கோ எதிரில் ஒருவர் இருந்தால் போதும். தெருவில் ஒரு தோழி, வீட்டில் ஒரு தம்பி, அலுவலகத்தில் ஒரு நண்பர் என யாரேனும் ஒருவர் கிடைத்துவிடுவர்.

வலைக்கு அப்புறம் ஒருவர், இப்புறம் ஒருவர் நிற்பதால் மோதலும் தள்ளுமுள்ளும் குறைவு. மேலும் வயது ஏற ஏறக் கால் வேகம் குறைந்தாலும், பந்தை எங்கே போட வேண்டும் என்ற அறிவு குறைவதில்லை. இருபது வயதில் ஓடி எடுத்த பந்தை ஐம்பது வயதில் முன்கூட்டியே ஊகித்து எடுக்கலாம். ஒற்றையர் ஆட்டம் கடினமாகும்போது இரட்டையர் ஆட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

உலக இறகுப்பந்துக் கூட்டமைப்பு மூத்தோருக்கெனத் தனியாக உலகப் போட்டி நடத்துகிறது. முதற்போட்டி 2003ஆம் ஆண்டு பல்கேரிய நாட்டின் சோபியா நகரில் நடந்தது. 35 வயதில் தொடங்கும் பிரிவுகள் எழுபதைக் கடந்தவர்களுக்கும் உண்டு. தாத்தா பாட்டிமார் பதக்கத்துக்காக மட்டை பிடிக்கிறார்கள் என்றால், பதினைந்து வயதில் நாம் மட்டையை ஓய்வு கொள்ளச் செய்வது நியாயமா?

ஆராய்ச்சி கூறுவது

டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் சுமார் 8,600 பேரை 25 ஆண்டுகள் வரை கவனித்து, 2018ஆம் ஆண்டு ஒரு முடிவை வெளியிட்டனர். உடற்பயிற்சியே இல்லாதவர்களோடு ஒப்பிடுகையில் டென்னிஸ் ஆடியவர்கள் சராசரியாக 9.7 ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தனர். இறகுப்பந்து ஆடியவர்களுக்கு 6.2 ஆண்டுகள், கால்பந்துக்கு 4.7, மிதிவண்டிக்கு 3.7, நீச்சலுக்கு 3.4, மெல்லோட்டத்துக்கு 3.2.

பிரிட்டனில் 80,306 பேரைக் கொண்டு செய்து 2016இல் வெளியான மற்றோர் ஆய்விலும் இதே போக்குத் தெரிந்தது. மட்டை ஆட்டம் ஆடியவர்களுக்கு, ஆடாதவர்களைவிட, அந்த ஆய்வுக் காலத்தில் மரணம் நேரும் வாய்ப்பு 47 விழுக்காடு குறைவாக இருந்தது.

இதைப் படித்ததும் "டென்னிஸ் ஆடினால் பத்து ஆண்டு நிச்சயம்" என்று துள்ளக் கூடாது. டென்னிஸ் ஆடுபவர்கள் பெரும்பாலும் வசதியும் கல்வியும் உள்ளவர்களாக இருக்கலாம். அதனாலும் அவர்கள் ஆயுள் நீண்டிருக்கலாம். ஆட்டமே முழுக் காரணம் என்று இவ்வாய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. ஆயினும் ஓர் உண்மை நம் சிந்தனைக்குரியது. தனியாகச் செய்யும் மெல்லோட்டத்தைவிட, கூடி ஆடும் ஆட்டங்கள் பட்டியலில் மேலே நிற்கின்றன. தோழமையும் ஒரு மருந்தாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே கருதினர்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலும் நமக்குரியது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்கள் உடலை உழைக்க விட வேண்டும் என்கிறது அது. பத்தாம் வகுப்புக்கு மட்டும் விதிவிலக்கு என்று அதில் எங்கும் எழுதவில்லை!

மட்டை பிடித்த மாவட்ட ஆட்சியர்

"படிப்பா, ஆட்டமா? ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைக்காதே" என்று நமக்குச் சொல்கிறார்கள். இரண்டிலும் உறுதியாகக் கால் ஊன்றிய ஒருவரை இங்கே காண்போம்.

கர்நாடக மாநிலம் ஹாசனில் 1983இல் பிறந்தவர் சுஹாஸ் யதிராஜ். பிறவியிலேயே கணுக்காலில் குறை உடையவர். சூரத்கல்லில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் கணினிப் பொறியியல் பயின்றார். பின்னர் இந்திய ஆட்சிப் பணித் தேர்வில் வென்று, 2007ஆம் ஆண்டுக் குழுவில் உத்தரப் பிரதேச மாநிலப் பணியில் சேர்ந்தார். சிறுவயது முதல் இறகுப்பந்து அவருக்கு ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவே. அசம்கர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது ஓர் இறகுப்பந்துப் போட்டியைத் தொடங்கி வைக்கச் சென்றார். ரிப்பன் வெட்டிவிட்டுத் திரும்பாமல், தாமும் களத்தில் இறங்கி ஆடினார். அதுவே திருப்புமுனையாயிற்று. 2016ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் நடந்த ஆசிய மாற்றுத்திறனாளர் இறகுப்பந்துப் போட்டியில் தங்கம் வென்றார்.

2020 மார்ச் இறுதியில் அவர் கௌதம புத்த நகர் மாவட்டத்தின் ஆட்சியராகப் பொறுப்பேற்றார். நொய்டா நகரம் அடங்கிய பெரிய மாவட்டம் அது. கொரோனா நோய் நாட்டை அலைக்கழித்த காலம் அது என்பதை நாம் மறக்கவில்லை. மருத்துவமனைப் படுக்கை, உணவு, ஊரடங்கு என ஆயிரம் கவலைகள். பகலெல்லாம் அலுவல், இரவில் அலுவல் முடிந்த பின்னரே பயிற்சி. இவ்வாறு ஆயத்தமாகி, 2021 செப்டம்பர் 5ஆம் நாள் டோக்கியோ பாராலிம்பிக் இறுதி ஆட்டத்தில் நின்றார். எதிரில் பிரான்சு நாட்டின் லூக்கா மசூர். முதல் ஆட்டத்தை 21–15 என வென்ற சுஹாஸ், அடுத்த இரண்டையும் 17–21, 15–21 என இழந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் ஐ.ஏ.எஸ். அதிகாரி அவரே. 2024ஆம் ஆண்டு பாரிசிலும் அதே மசூரிடம் தோற்று மீண்டும் வெள்ளி வென்றார். அப்போது அவருக்கு வயது 41.

இரண்டு முறையும் தங்கம் தவறியதே என்று சிலர் எண்ணலாம். எங்களுக்கோ வேறொன்று தோன்றுகிறது. ஒரு மாவட்டத்தையே தாங்கியவருக்கு இரவில் பயிற்சிக்கு நேரம் கிடைத்தது. ஐந்து பாடங்களைத் தாங்கும் நமக்கு மாலையில் முக்கால் மணி நேரம் கிடைக்காதா?

மருத்துவர்களின் மட்டை

மருத்துவப் படிப்புக்கு ஆசைப்படும் தோழியர் நம்மில் பலர். அவர்களுக்கெனவே இரண்டு எடுத்துக்காட்டுகள்.

அயர்லாந்து நாட்டவரான ஜோஷுவா பிம் ஒரு மருத்துவர். அவர் 1893, 1894 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் டென்னிஸில் ஒற்றையர் பட்டம் வென்றார். பணத்துக்காக அன்றி விருப்பத்துக்காக ஆடிய காலம் அது.

அமெரிக்கரான டேவிட் ஃப்ரீமன் மூளை, நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர். 1939 முதல் 1942 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அமெரிக்க இறகுப்பந்து ஒற்றையர் பட்டம் வென்றவர். போர்க் காலத்துக்குப் பின் 1947, 1948ஆம் ஆண்டுகளிலும் வென்றார். 1949இல் ஆல் இங்கிலாந்துப் பட்டமும் அவரைச் சேர்ந்தது. பின்னர் மருத்துவப் பணிக்காகப் போட்டிகளிலிருந்து ஒதுங்கினார். ஆனால் 1953இல் மீண்டும் களம் புகுந்து ஏழாம் முறையாகத் தம் நாட்டுப் பட்டத்தை வென்றார்! இடைவெளி விழுந்தால் எல்லாம் போயிற்று என்று வருந்துபவர்களுக்கு இது நல்ல மறுமொழி. நன்றாகக் கற்ற ஆட்டம் கையை விட்டுப் போவதில்லை.

நம் மாநிலத்து அக்காமார்

தொலைவில் ஏன் போக வேண்டும்? நம் புறநகர் ரயிலில் ஆவடியைத் தாண்டிச் சென்றால் திருவள்ளூர் வருகிறது. அவ்வூரைச் சேர்ந்தவர் மனீஷா ராமதாஸ். பிறக்கும்போதே வலக்கையில் குறை. 2022ஆம் ஆண்டு டோக்கியோவில் உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 17. நம் இன்றைய வயதைவிட இரண்டே வயது கூடுதல்.

காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசனுக்கு இடக்கையில் குறை. தந்தையே அவருக்கு முதற் பயிற்சியாளர். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மாணவியாக இருந்துகொண்டே உலகப் போட்டிகளுக்குச் சென்றார். கால்நடை மருத்துவம் எளிய படிப்பன்று. ஐந்தரை ஆண்டுப் படிப்பு. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய மாற்றுத்திறனாளர் போட்டியில் தங்கம் வென்றார். 2024 செப்டம்பர் தொடக்கத்தில் பாரிஸ் பாராலிம்பிக் அரையிறுதியில் துளசிமதியும் மனீஷாவும் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடினர். உலக மேடையில் வலையின் இருபுறமும் தமிழ்ப் பெண்கள்! துளசிமதி வென்று இறுதிக்குச் சென்று வெள்ளி பெற்றார். மனீஷா வெண்கலம் பெற்றார். வேறொரு பிரிவில் ஓசூரைச் சேர்ந்த நித்ய ஸ்ரீயும் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் இறகுப்பந்தில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்கள் இம்மூவரே. 2024ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது மூவருக்கும் கிடைத்தது.

மேசைப்பந்தில் சென்னையைச் சேர்ந்த ஞா. சத்தியன் தகவல் தொழில்நுட்பப் பொறியியல் பட்டம் பெற்ற வீரர். சென்னை வீரர் சரத் கமலோ 2006ஆம் ஆண்டு மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றவர். 16 ஆண்டுகளுக்குப் பின், 2022இல் பர்மிங்காமில், 40ஆம் வயதில் அதே தங்கத்தை மீண்டும் வென்றார். அவருக்கு ஆட்டமே வாழ்க்கை. நம் எல்லோராலும் அப்படி ஆக முடியாது. ஆனால் நாற்பதிலும் மட்டை கனக்காது என்பதை அவரிடம் கற்கலாம்.

ஒரு வீடு, இரண்டு மட்டைகள்

பெரியோர் கதை கேட்டது போதும். இனி நம் ஊருக்கு வருவோம். நம் அம்பத்தூரும் ஆவடியும் உழைப்பாளர் ஊர்கள். 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி முதன்முதலாக வெளிவந்தது. அன்று முதல் இவ்வூர்களின் நாள்கள் ஷிப்டு கணக்கிலேயே நகர்கின்றன. காலை ஷிப்டு, பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு. இத்தகைய ஊரில் ஆட்டத்துக்கு நேரம் ஏது?

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். முப்பது ஆண்டுகளாகப் பூப்பந்து ஆடுகிறார். இக்கட்டுரைக்காக நாங்கள் நால்வர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சென்றோம். "அங்கிள், உங்களுக்கு நேரம் எப்படிக் கிடைக்கிறது?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். "ஷிப்டுக்கு, நேரம் கிடைத்தால் போகலாம் என்று யாராவது சொல்வார்களா? அதற்கு ஒரு நேரம் உண்டு, போகிறோம். ஆட்டத்துக்கும் அப்படி ஒரு நேரம் வைத்துவிட்டேன். ஷிப்டு மாறினால் அந்த நேரமும் மாறும். ஆனால் வாரத்தில் மூன்று நாள் என்பது மட்டும் மாறாது" என்றார்.

அழகான விடை. அதை எழுதிக்கொண்டு புறப்பட இருந்தோம். அப்போது எங்கள் தோழி, "அம்மாவும் காலேஜில் ஷட்டில் ஆடினாங்க. அவங்க ராக்கெட் பரண்மேல இருக்கு" என்றாள்.

நாங்கள் திகைத்துப் போனோம். அந்த அம்மா கல்லூரி அணியில் ஆடியவராம். இப்போது அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். பரணிலிருந்து மட்டையை இறக்கித் தூசி தட்டிக் காட்டினார். "ஏன் ஆன்ட்டி விட்டுட்டீங்க?" என்று கேட்டோம்.

"நான் எங்கேம்மா விட்டேன்? நாளைக்கு ஆடலாம் என்றுதான் எடுத்து வைத்தேன். அந்த நாளைக்கு வரவே இல்லை" என்றார்.

ஒரே வீடு. இருவருக்கும் வேலை. இருவருக்கும் ஆட்டம் தெரியும். ஒரு மட்டை தேய்ந்துபோனது. மற்றொரு மட்டை துருப்பிடித்துப்போனது. காரணம் என்ன? தந்தை ஷிப்டு முடிந்து திடலுக்குப் போனபோது, தாய் அலுவலகம் முடிந்து அடுப்படிக்குப் போனார். அவருடைய மூன்று மாலைகளை யாரோ ஒருவர் தாங்கிக் கொடுத்தார்கள். இவருடைய மாலையைத் தாங்க ஆள் இல்லை. ஆட்டத்துக்கு நேரம் ஒதுக்குவது என்பது ஒருவருடைய மன உறுதி மட்டுமன்று; வீட்டார் கூடிச் செய்யும் ஏற்பாடு. இதை நாங்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்தப் பரணைப் பார்த்து அறிந்தோம்.

நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருந்ததை அந்தத் தந்தையும் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு மாலை அவரே தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிட்டு, "நீ போய் பிள்ளைகளோடு ஆடிவிட்டு வா" என்றாராம். அந்த அம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, வீட்டுக்கு எதிரில் இருந்த வெற்று மனைக்கு வந்தார். கயிறு கட்டி வலை என வைத்துக்கொண்டோம். முதல் இரண்டு அடிகளில் பந்து நாங்கள் எட்ட முடியாத மூலையில் விழுந்தது. மூன்றாவது அடியில் பழைய நரம்பு அறுந்தது! அனைவரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்; மறுநாள் தோள் வலியோடும் அலுவலகம் சென்றார். அதற்கு அடுத்த வாரம் புது நரம்பு கட்டிய மட்டையோடு மீண்டும் வந்தார்.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

மேலே கண்டவற்றிலிருந்து நாங்கள் தெரிந்துகொண்டவற்றை வரிசையாகத் தருகிறோம்.

முதலாவது, நாளும் நேரமும் குறித்துவிட வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம் உண்டு. மூன்று நாள், நாளுக்கு முக்கால் மணி என்றால் இரண்டேகால் மணி நேரம்தான். மீதி 165 மணி நேரத்துக்கு மேல் படிப்புக்கும் உறக்கத்துக்கும் வீட்டுக்கும் இருக்கிறது. பாப்பாப் பாட்டில் பாரதியார் நாளைப் பங்கிட்டபோது மாலையை ஆட்டத்துக்கே கொடுத்தார். நாம் முழு மாலையைக் கேட்கவில்லை. அதில் ஒரு துண்டைத்தான் கேட்கிறோம்.

இரண்டாவது, துணை ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தனியாக இருந்தால் "இன்று வேண்டாம்" என்று மனம் சொல்லும். எதிரில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்றால் கால் தானாக நடக்கும்.

மூன்றாவது, குறைத்துக்கொள்ளலாம், நிறுத்தக் கூடாது. திருப்புதல் தேர்வு நடக்கும் வாரத்தில் மூன்று நாளை ஒரு நாளாக்கலாம். பின்னாளில் வேலை மிகும்போதும் இவ்வாறே செய்யலாம். அணைக்காத அடுப்பைச் சீக்கிரம் மூட்டிவிடலாம்.

நான்காவது, அடித்தளத்தை இப்போதே சரியாகக் கற்க வேண்டும். மட்டையைப் பிடிக்கும் முறை, கால் எடுத்து வைக்கும் முறை, பந்தைத் தொடங்கும் முறை ஆகியவற்றை இளமையில் ஆசிரியரிடம் கற்றால் அவை முதுமை வரை கூட வரும்.

ஐந்தாவது, உடலைப் பேண வேண்டும். ஆடும் முன் பத்து நிமிடம் கை கால்களை இளக்க வேண்டும். வழுக்காத காலணி வேண்டும். இறகுப்பந்து கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளையும். ஆகவே வலையருகில் கவனம் தேவை. பல ஆண்டு இடைவெளிக்குப் பின் ஆட வரும் பெற்றோர், மருத்துவரைக் கலந்துகொண்டு மெதுவாகத் தொடங்குவது நலம்.

ஆறாவது, வீட்டு வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இதை நாங்கள் எங்களிடமிருந்தே தொடங்கியிருக்கிறோம். நம் அம்மாவுக்கு வாரத்தில் ஒரு மாலை ஓய்வு வேண்டுமானால், நாமும் நம் அண்ணன் தம்பிகளும் அந்த ஒரு மாலை பாத்திரம் கழுவினால் என்ன? நாளை நாம் வேலைக்குச் செல்லும்போது நமக்கும் இதே உதவி தேவைப்படும். இன்று கற்காத தம்பி அன்று எங்ஙனம் செய்வான்?

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்

அன்புள்ள பெற்றோரே! நாங்கள் நன்றாகப் படிக்க வேண்டும் என்ற கவலையால்தான் மட்டையை எடுத்து வைக்கிறீர்கள் என்பதை நன்கு அறிவோம். 500க்கு எத்தனை என்ற கேள்வி எங்கள் நெஞ்சிலும் இருக்கிறது. ஆட்டத்தைச் சாக்கிட்டுப் படிப்பைப் புறக்கணிக்க மாட்டோம். மதிப்பெண் குறைந்தால் எங்களைக் கேளுங்கள், நாள்குறிப்பைக் காட்டுகிறோம். ஆனால் காரணம் காணும் முன்பே மட்டையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்து, படித்த வரியையே மறுபடி மறுபடி படிக்கும் மாலைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். முக்கால் மணி நேரம் வியர்வை சிந்தி, முகம் கழுவிவிட்டு வந்து அமர்ந்தால், அதே கணக்கு வழிக்கு வருவதையும் கண்டிருக்கிறோம்.

முடிவுரை

நாங்கள் எல்லோரும் பாரிசுக்குப் போகப்போவதில்லை. ஒருத்தி செவிலியாவாள், ஒருத்தி ஆசிரியையாவாள், ஒருத்தி பொறியாளராகி அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலேயே ஷிப்டு பார்ப்பாள். பதக்கம் யாருக்கும் கிடைக்காமல் போகலாம். ஆனால் நாற்பது வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, வேலை முடிந்து, மட்டையை எடுத்துக்கொண்டு ஒரு தோழியோடு ஆடச் செல்லும் உரிமை எங்கள் எல்லோருக்கும் வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமையைக் காப்பாற்றும் வேலை இந்தப் பத்தாம் வகுப்பிலேயே தொடங்குகிறது.

கட்டுரையை முடிக்கும் இவ்வேளையில் ஒரு நற்செய்தி. எங்கள் வகுப்பில் மூவராகக் குறைந்திருந்தவர்கள் இப்போது ஐவராகியிருக்கிறோம். செவ்வாய், வியாழன், சனி. பள்ளி விட்டதும் முக்கால் மணி. மணி பார்ப்பதற்கு அருட்சகோதரி ஒருவரே வந்து நிற்கிறார். ஒரு நிமிடமும் கூட்டித் தருவதில்லை! மற்ற மூவரின் மட்டைகள் இன்னும் ஆணியில்தான் இருக்கின்றன. தோழியரே, ஆணி காலண்டர் மாட்டுவதற்குப் போதும். மட்டையை இறக்கிக்கொண்டு வாருங்கள். எதிர்ப்பக்கத்தில் இடம் இருக்கிறது.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி